புலியின் கால் நகமும் உயிர்ச்சான்றிதழும்

ஒரு காட்டில், அதிலும் செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மேட்டுப்பாங்கான ஒரு காட்டில், தணிகாசலம் என்றொரு புலி மனைவி அலமேலுவோடு வாழ்ந்து வந்தார். கிழக்கு எல்லையில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை உறுமுவது அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷம் லீவே போடாமல் உறுமி ஓய்வு பெற்றவர். அந்தச் சேவைக்காக ஓடைக்கரையில், மழைக்கு ஒழுகாத ஒரு குகையை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். உயிரோடு இருக்கும்வரை குகை அவருக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு.

பட்டியலில் அடுத்தவர் சுந்தரவதனம் என்ற சிறுத்தை. வாரம் ஒரு முறை வந்து, "உடம்பு எப்படி இருக்குண்ணே?" என்று விசாரிப்பார். விசாரித்துக்கொண்டே குகையின் மேற்கூரையை அண்ணாந்து பார்ப்பார். "பரவாயில்லை தம்பி, நல்லாத்தான் இருக்கேன்" என்று தணிகாசலம் சொன்னால், அவர் முகம் லேசாகச் சுருங்கும்.

உயிரோடு இருக்கிறோம் என்பதை வெறுமனே மூச்சு விட்டு நிரூபித்துவிட முடியாது. வருஷா வருஷம் ஐப்பசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், குகை ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குப் போய் அங்கிருக்கும் இயந்திரத்தில் வலது பின்னங்கால் கட்டைவிரலை வைக்க வேண்டும். இயந்திரம் நகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும். முகம் மாறிவிடும், நகம் மாறாது என்று ஒரு நிபுணர் குழு கண்டுபிடித்திருந்தது. குழுவில் மூன்று மீன்களும் ஒரு மலைப்பாம்பும் இருந்தார்கள்.

தணிகாசலத்தின் கட்டைவிரல் நகத்தில் இடது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு. சின்ன வயதில் பாறையில் இடித்துக்கொண்டது. எத்தனை முறை வெட்டினாலும் அதே வெட்டோடுதான் மறுபடி வளரும். இயந்திரத்துக்கு அந்த ஓரம்தான் தணிகாசலம். மிச்சமிருக்கும் ஒன்பது அடி நீளப் புலியை அது கண்டுகொள்வதில்லை.

இப்போது நகத்துக்கு வருவோம். தணிகாசலம் நாள் பார்க்காமல் நகம் வெட்டுகிற ஆள் இல்லை. செவ்வாய், வெள்ளி ஆகாது. சனிக்கிழமை கூடவே கூடாது. அமாவாசை, கிருத்திகை, ஜென்ம நட்சத்திரம், மாமனார் திதி, எல்லாம் விலக்கு. விளக்கு வைத்த பிறகு தொடக்கூடாது. குகைக்குள் வெட்டக்கூடாது, வெளியே காற்றடிக்கும்போதும் வெட்டக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் மாதத்தில் ஒரே ஒரு முற்பகல்தான் கைக்கு மிஞ்சும். கிடைத்த முற்பகலை லேசில் விடுவாரா? அடுத்த மாதம் வரைக்கும் தாங்கட்டும் என்று ஒட்ட வெட்டுவார். அது போதாதென்று இரண்டு ஓரத்திலும் நகவெட்டியை உள்ளே விட்டு வளைத்துக் குடைந்து எடுப்பார். குடைந்து முடித்ததும் காலைத் தூக்கிப் பார்த்து, "நகம்னா இப்படி இருக்கணும்" என்று தன்னைத்தானே பாராட்டிக்கொள்வார்.

போதாக்குறைக்கு ஷூ. ஓய்வு பெற்றவர்கள் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும் என்று யாரோ சொல்லப்போக, போனிலேயே ஒரு ஜோடி ஷூ வாங்கினார். முனை குறுகலான ஷூ. அளவும் ஒரு சைஸ் சின்னது. திருப்பி அனுப்பலாம் என்று போனைத் திறந்தால், காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாலு கட்டங்கள் வந்தன. நிறம் பிடிக்கவில்லை. வேறு பொருள் வந்துவிட்டது. மனம் மாறிவிட்டேன். நான் ஒரு பாம்பு. 'விரலைக் கடிக்கிறது' என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை. தணிகாசலம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஐப்பசி பிறந்தது. ஒட்ட வெட்டிய நகம் மறுபடி வளர ஆரம்பித்தது. ஓரத்தைக் குடைந்துவிட்டதால் எந்தப் பக்கம் வளர்வது என்று அதற்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து ஷூ வேறு சதையை அழுத்திக்கொண்டே இருந்தது. நகம் நேராகச் சதைக்குள் இறங்கிவிட்டது. முதல் நாள் சிவந்தது. மூன்றாம் நாள் வீங்கியது. ஐந்தாம் நாள் விரல் விண்விண்ணென்று தெறித்தது, ஓரத்தில் சீழ் கோத்துக்கொண்டது. கிழக்கு எல்லையையே நடுங்க வைத்த புலி, போர்வை விரலில் பட்டால் "ஐயோ அம்மா" என்று கத்தியது.

"நான் அப்பவே சொன்னேன், அந்த ஷூ வேணாம்னு. கேட்டாத்தானே?" என்றாள் அலமேலு. சொல்லிவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, துளை போட்டு, விரலில் தொப்பி போலச் செருகிவிட்டாள். கை விரலில் நகச்சுத்தி வந்தால் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். கால் விரலுக்கும் ஆகும் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். புண்ணில் எலுமிச்சைச் சாறு இறங்கியதும் தணிகாசலம் குகையின் மேற்கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்.

சங்கதி பரவியது. நலம் விசாரிக்க ஊரே வந்தது. அந்தக் காட்டில் ஒரு பழக்கம், நோயாளியைப் பார்க்கப் போனால் சும்மா பார்த்துவிட்டு வரமாட்டார்கள். "எங்க, இங்கயா வலிக்குது?" என்று கேட்டு, கேட்ட இடத்தை ஒரு அழுத்து அழுத்துவார்கள். பதில் வருவதற்குள் அழுத்திவிடுவார்கள். கரடி அழுத்தியது. காட்டுப்பன்றி அழுத்தியது. நடைப்பயிற்சிக் குழுவிலிருந்து வந்த மான் மட்டும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. சுந்தரவதனமும் வந்தார், ஒரு டஜன் ஆப்பிளோடு. "ஐப்பசி முடியப்போகுதேண்ணே, சான்றிதழ் கொடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, குகை வாசலைக் காலடியால் அளந்துகொண்டே போனார்.

அப்போதுதான் தணிகாசலத்துக்குச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை மதியமே எலுமிச்சம்பழக் காலோடு நொண்டி நொண்டி அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்தில் குழந்தைவேலு என்ற தேவாங்குதான் எல்லாம். பெரிய கண். நிதானமான சுபாவம். வணக்கம் சொன்னால், பதில் வணக்கம் தேநீர் இடைவேளைக்குப் பிறகு வரும். தணிகாசலம் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் விரலை இயந்திரத்தில் வைத்தார்.

"வணக்கம்," என்றது இயந்திரம், தேன் வழியும் மைனாக் குரலில். "தாங்கள் ஒரு எலுமிச்சம்பழம். நன்றி."

குழந்தைவேலு மெதுவாகக் கண்ணைத் திருப்பினார். "பழத்துக்கெல்லாம் குகை ஒதுக்கீடு இல்லீங்க. நீங்க தோட்டக்கலை ஆபீசுக்குப் போகணும்."

"நான் பழம் இல்லப்பா! தணிகாசலம்! கிழக்கு எல்லை தணிகாசலம்! போன வருஷம்கூட நீதானே சீல் குத்தினே!"

"எனக்குத் தெரியுதுங்க. மெஷினுக்குத் தெரியணுமில்ல?"

பழத்தைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தார். இயந்திரம் கொஞ்ச நேரம் தேடியது. நகத்தின் இடது ஓரம் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. அந்த ஓரத்தில் இருக்கும் வெட்டும் அதோடு உள்ளேதான் கிடக்கிறது. "வணக்கம். தாங்கள் தற்போது இல்லை. இதுவரை இருந்தமைக்கு நன்றி," என்றது.

"இல்லையா? இதோ நிக்கிறேனே!"

"நிக்கிறீங்க," என்று குழந்தைவேலு ஒப்புக்கொண்டார். "அதை நான் மறுக்கலீங்க. ஆனா நிக்கிறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லை. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நகத்தைச் சரி பண்ணிட்டு வாங்க. வரலேன்னா நீங்க காலமாயிட்டதா நானே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு இரங்கல் படிவம் இருக்கிறதா என்று இழுப்பறையில் தேட ஆரம்பித்தார். நாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்றால் இப்போதே தேடினால்தான் அவருக்குச் சரியாக வரும்.

மறுநாள் காலை தணிகாசலமும் அலமேலுவும் காட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். வாசலில் டோக்கன் கொடுக்கிற இயந்திரம் நின்றது. அதே கம்பெனி, அதே மைனாக் குரல்.

"வணக்கம். டோக்கன் பெற நகத்தை வைக்கவும்."

வைத்தார்.

"தாங்கள் இல்லை. இல்லாதவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படாது. நன்றி."

தணிகாசலம் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நகம் சரியானால்தான் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் நகம் சரியாகும். அவருக்கு விரல் வலியைவிட நெஞ்சு வலித்தது. இருபத்திரண்டு வருஷம் உறுமியதெல்லாம் இதற்குத்தானா? ஐந்து மணிக்கு மேல் அலமேலுவை எங்கே கூட்டிக்கொண்டு போவது? மழைக்காலம் வேறு. அவருக்குப் பயமாக இருந்தது. புலிக்கு வரக்கூடாத, எலிக்கு வருகிற பயம். கண்ணில் நீர் முட்டியது. அலமேலு பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"யாரு படிக்கட்டுல? வழியை விடுங்க." மருத்துவமனையில் பல வருஷமாகச் சின்ன அறுவை சிகிச்சைகளைப் பார்த்துவரும் எஸ்தர் சிஸ்டர் என்ற முள்ளம்பன்றி வந்து நின்றார். ராத்திரி டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பியவர். இயந்திரம் சொன்னது முதல் ஐந்து மணிக் கெடு வரை அலமேலு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். விரலைப் பார்த்தார். காட்டிலேயே முதல்முறையாக ஒருவர் அதை அழுத்தாமல் பார்த்தார்.

"நகம் உள்ள வளர்ந்திருக்கு. ஓரத்தைக் குடைஞ்சீங்களா?"

"கொஞ்சம்," என்றார் தணிகாசலம்.

"டைட்டா ஷூ போட்டீங்களா?"

"அதைத் திருப்பி அனுப்பத்தான் கட்டமே இல்லையே சிஸ்டர்."

"சர்க்கரை இருக்கா?"

"இல்லை."

"இருந்திருந்தா வீட்டுல வச்சுப் பார்க்கவே கூடாது, அன்னைக்கே ஓடி வந்திருக்கணும். எலுமிச்சம்பழம் யார் வச்சது?"

அலமேலு மரத்தைப் பார்த்தாள்.

"ஆரம்பத்திலேயே வந்திருந்தா வேலையே இல்லை," என்றார் சிஸ்டர். "வெதுவெதுப்பான தண்ணியில உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கால் மணி நேரம் காலை வச்சு, நல்லாத் துடைச்சு, நகத்தோரத்துக்கு அடியில துளியூண்டு சுத்தமான பஞ்சைத் தள்ளிவிட்டா, நகம் தானா மேல ஏறி வந்திருக்கும். இப்போ சீழ் வச்சிருச்சு. உள்ள போன ஓரத்தை மட்டும் வெட்டி எடுக்கணும். மரத்துப்போக ஊசி போட்டுப் பண்ணலாம், வலிக்காது. உள்ள டோக்கன் இல்லாம முடியாது. வாங்க, பின்னாடி நாவல் மரத்தடிக்கு."

"இன்னைக்கேவா?" தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை சிஸ்டர். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினா வீட்டுல லட்சுமி தங்கமாட்டா."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல உங்களுக்கு வீடே இல்லையாமே? லட்சுமி எங்க தங்குவா?"

அலமேலு தணிகாசலத்தின் காதைப் பிடித்து நாவல் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சிஸ்டர் அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சினார், கத்தரியைக் கொதிக்க வைத்தார், முதுகிலிருந்து மெல்லிய முள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிடுங்கி அதையும் கொதிக்க வைத்தார். அதுதான் ஊசி. அதைப் பார்த்ததும் தணிகாசலம் நாவல் மரத்தில் பாதி தூரம் ஏறிவிட்டார். அலமேலு வாலைப் பிடித்து இறக்கினாள். ஊசி இறங்கியபோது அவர் போட்ட உறுமல் கிழக்கு எல்லை வரை கேட்டது. அவர் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த புலி, தன் ஷிப்ட் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அதன்பிறகு ஒன்றும் தெரியவில்லை. விரல் மரத்துப்போனது. சிஸ்டர் சதைக்குள் புதைந்திருந்த ஓரத்தை மெதுவாகத் தூக்கி, நேராக வெட்டி, ஒரு இழுப்பில் வெளியே எடுத்தார். மருந்து வைத்துக் கட்டினார். எடுத்த நகத்துண்டைக் கழுவி, ஒரு காகிதத்தில் மடித்து அலமேலு கையில் கொடுத்தார்.

"பாருங்க, எவ்வளவு தூரம் உள்ள போயிருக்குன்னு. இதைப் பார்க்கிறப்பெல்லாம் இனிமே குடையக்கூடாதுன்னு இவருக்கு ஞாபகம் வரட்டும். நேரா வெட்டுங்க. ரொம்ப ஒட்டவும் வேணாம். ஷூவைத் தூக்கி ஓடையில போடுங்க. வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரணும்."

தணிகாசலத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிஸ்டரைக் கட்டிப்பிடிக்கப் போனார். முள்ளைப் பார்த்துவிட்டுக் கும்பிடோடு நிறுத்திக்கொண்டார்.

அலுவலகத்தை அடைந்தபோது மணி நாலே முக்கால். சுந்தரவதனம் முன்கூட்டியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு அளவு நாடா, பக்கத்தில் ஒரு பெரிய ரோஜா மாலை. தணிகாசலத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நேர்ல கேட்டா நல்லாயிருக்காது, இருந்தாலும் கேக்கறேன். அடக்கம் எத்தனை மணிக்குண்ணே?" என்றார்.

தணிகாசலம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கட்டை அவிழ்த்தார். வீக்கம் இறங்கிய விரலைப் பெருமையாக இயந்திரத்தில் வைத்தார். இயந்திரம் தேடியது. இடது ஓரத்தைத் தேடியது. இடது ஓரம்தான் இப்போது காலில் இல்லையே.

"வணக்கம். தாங்கள் இல்லை. நேற்றும் தெரிவித்திருந்தோம். நன்றி."

குழந்தைவேலு இரங்கல் படிவத்தை மேஜைமேல் எடுத்து வைத்தார். நேற்று தேட ஆரம்பித்தது அப்போதுதான் கிடைத்திருந்தது. பேனாவைத் திறந்தார். அவர் பேனா திறக்க நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தில்தான் அலமேலுவுக்குப் பொறி தட்டியது. இடுப்பில் செருகியிருந்த காகித மடிப்பை எடுத்தாள், பிரித்தாள், நகத்துண்டை இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. எங்கிருந்தோ நாதஸ்வரம் ஒலித்தது.

"வணக்கம், திரு. தணிகாசலம் அவர்களே! தாங்கள் பூரண நலத்துடன் இருக்கிறீர்கள். தங்கள் குகை தங்களுக்கே. பல்லாண்டு வாழ்க!"

குழந்தைவேலு எழுந்து நின்றார். பணியில் சேர்ந்ததிலிருந்து அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. நகத்துண்டுக்கு இரண்டு கையாலும் வணக்கம் வைத்தார். "ஐயா சௌக்கியமா? நேத்து வரலையேன்னு கவலைப்பட்டுட்டே இருந்தேங்க." பிறகு சுந்தரவதனத்தின் பக்கத்திலிருந்த ரோஜா மாலையை வாங்கி, அதை நகத்துண்டைச் சுற்றி வைத்தார். வாழ்த்துச் சொல்ல வந்தவர் போல சுந்தரவதனமும் கைதட்ட வேண்டியதாயிற்று.

"அப்போ எல்லாம் சரியாயிடுச்சு!" என்று தணிகாசலம் குதித்தார். "குகை எனக்குத்தான்!"

"ஐயாவுக்குங்க," என்று குழந்தைவேலு நகத்தைக் காட்டித் திருத்தினார். "நீங்க யாருன்னுதான் எங்க பதிவுல இல்லை."

"நான்தானப்பா அவர்! அது என் நகம்!"

"உங்க நகம்னு நீங்க சொல்றீங்க. நீங்க அவரோட புலின்னு அவர் இதுவரைக்கும் சொல்லலையே." குழந்தைவேலு பொறுமையாக இன்னொரு படிவத்தை நீட்டினார். "பரவாயில்லைங்க. 'உடன் தங்குபவர்'னு போட்டுக்கலாம். ஐயாவுக்கு நீங்க என்ன உறவுன்னு மட்டும் எழுதுங்க."

தணிகாசலம் வெகுநேரம் யோசித்தார். மணி நாலு ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. 'ஒரே காலில் ஒன்றாக வளர்ந்தவர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து குகையின் வெளிச்சமான மூலையில், பஞ்சு வைத்த ஒரு டப்பாவில் நகத்துண்டு குடியிருக்கிறது. அதன் பேருக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வருகின்றன. காட்டு ஆண்டு விழாவில் அதைத் தலைமை தாங்க வைத்தார்கள். வரலாற்றிலேயே முதல்முறையாகத் தலைமையுரை நேரத்துக்கு முடிந்தது. எல்லை உறுமல் குழுவுக்கும் அதைக் கௌரவ ஆலோசகராகப் போட்டுவிட்டார்கள். சுந்தரவதனம் இப்போதும் வாரம் ஒரு முறை வருகிறார். தணிகாசலத்தைத் தாண்டிப் போய், டப்பாவைத் திறந்து, "உடம்பு எப்படி இருக்குண்ணே?" என்று கேட்கிறார்.

தணிகாசலத்தின் விரல் நன்றாக ஆறிவிட்டது. வெறுங்காலோடு ஏரியை இரண்டு சுற்று சுற்றுகிறார். எந்தப் பதிவிலும் இல்லாததால் எந்த வரிசையிலும் யாரும் அவரை நிற்கச் சொல்வதில்லை. அது ஒரு வகையில் அவருக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு நாள் மட்டும் குழம்பில் உப்பு இல்லை என்று பழைய கம்பீரத்தோடு ஒரு உறுமல் உறுமிப் பார்த்தார். அலமேலு அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. குகைக்குச் சொந்தக்காரர் இப்பத்தான் கண்ணசந்தார். கோவத்துல நம்மளை வெளிய போகச் சொல்லிட்டா எங்க போறது?"

தணிகாசலம் டப்பாவைப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல், நுனிக்காலில் நடந்து போய், உப்பைத் தானே போட்டுக்கொண்டார்.

நீதி: கால் நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். மீறிக் குடைந்துவிட்டால், வெட்டி எடுத்த துண்டிடம் அன்றிலிருந்தே மரியாதையாகப் பழகுங்கள். உங்கள் இரண்டு பேரில் அரசாங்கத்துக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.